பழைய டாடா எஸ்டேட்: சீரமைப்பதா, விற்பதா, உடைப்பதா?

1992-இல் அறிமுகமான டாடா எஸ்டேட் கார் ஒன்று பாதி பிரித்த நிலையில் உங்கள் கொட்டகையில் நிற்குமானால், எஞ்சினைத் தொடுவதற்கு முன் அதன் ஆர்.சி. புத்தகத்தை எடுத்துப் பாருங்கள். சொந்தக் காரின் முதல் பதிவு 15 ஆண்டுகளுக்கே செல்லும். அதன் பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனைக்குக் காட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதால், பெயர் மாற்றப்படாத, பதிவு உரிமையாளர் எங்கிருக்கிறார் என்றே தெரியாத வண்டியில் பணம் போடுவது வீண். ஐம்பது ஆண்டு நிறையாததால் பழம்பெரும் வண்டிகளுக்குத் தரும் விண்டேஜ் பதிவும் இதற்குக் கிடையாது.

அடுத்தது துரு. வண்டியைத் தூக்கி நிறுத்தி, சேஸிஸை (வண்டியைத் தாங்கும் அடிச்சட்டத்தை) நெடுகிலும் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பாருங்கள். மேல்தகட்டை வெட்டி ஒட்டவைக்கலாம். சேஸிஸ் பல இடங்களில் இற்றுப்போயிருந்தால் செலவுக்கு எல்லை இராது.

1,948 சி.சி. டீசல் எஞ்சின் டாடாவின் சியராவிலும் சுமோவிலும் ஓடியதுதான் என்பதால், அதன் உதிரிபாகங்களைத் தேடிப் பிடித்துவிடலாம். ஆளை அலைக்கழிப்பவை பின்கதவுக் கண்ணாடி, விளக்குகள், ரப்பர் பீடிங் (கதவு, கண்ணாடி ஓரங்களில் வரும் ரப்பர் பட்டை) போன்ற இந்த வண்டிக்கே உரிய பொருள்கள். அவற்றுக்கு விலை கேட்ட பிறகே பெயிண்டரிடம் பேசுங்கள். பெயிண்டில் தொடங்குபவர்களே பெரும்பாலும் பாதியில் கைவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு.

சேஸிஸும் ஆவணமும் சரியாக இருந்து, நேரம்தான் இல்லையென்றால், கழற்றிய பாகங்களோடு உள்ளபடியே விற்றுவிடுங்கள். சேஸிஸ் போய்விட்டதெனில், எடைக்குப் போடாமல், அரசு பதிவு பெற்ற உடைப்பு மையத்தில் ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கிப் பதிவை நீக்குங்கள். புது வண்டி வாங்கும்போது அந்தச் சான்றிதழைக் காட்டினால் பதிவுக் கட்டணம் விலக்கப்படும்.