பிளெண்டர்ல கண்டாங்கி சேலையை கொடியில காயப்போடுறது எப்படி

பிளெண்டர்ங்கிற 3D சாஃப்ட்வேர்ல காரைக்குடி வீட்டு வளவை (உள்முற்றப் பகுதியை) மாடல் பண்ணியாச்சு, ஆத்தங்குடி டைல்ஸ் டெக்ஸ்சரும் போட்டாச்சு, ஆனா கொடியில சேலை மட்டும் அட்டையா நிக்குதா? வாங்க.

சேலைக்கு பிளேன் (வெறும் தட்டைத் தளம்) எடுத்து சப்டிவைட் பண்ணாதீங்க, கிரிட் (கட்டம் கட்டமா பிரிச்ச தளம்) எடுங்க. 5.5 மீட்டருக்கு 1.2 மீட்டர் சேலைன்னா 110, 24னு பிரிச்சா கட்டம் எல்லாம் 5 செ.மீ. சதுரமா வரும். நிஜ அளவுலயே வைங்க, ஏன்னா கிராவிட்டி 9.81தான்: 3 மீட்டர் விழ 0.8 செகண்ட், அதையே 30 மீட்டரா வரைஞ்சிருந்தா 2.5 செகண்ட், சிலருக்கு எல்லாமே ஸ்லோமோஷன்ல தெரியுறது இதனாலதான். கண்ட்ரோல் ஏ அடிச்சு ஸ்கேல் அப்ளை பண்ணிடுங்க.

நீளவாக்குல நடு வரிசை வெர்டெக்ஸை (கட்டங்களோட மூலைப் புள்ளிகளை) ஒரு குரூப்பா போட்டு, கிளாத் (துணி சிமுலேஷன்) சேர்த்து, பின் குரூப்ல (Pin Group, அசையாம குத்தி வைக்கிற புள்ளிகள்) அதைக் கொடுங்க. ரெண்டு பாதியும் ஒன்னுமேல ஒன்னு தொங்கும், அதனால செல்ஃப் கொலிஷன் (துணி தன்மேலேயே மோதுறது) ஆன்.

இப்ப எல்லாரும் மாட்டுற இடம். வெர்டெக்ஸ் மாஸ் 0.3 கிலோன்னு இருக்கே, அது முழுத் துணிக்கு இல்ல, ஒவ்வொரு புள்ளிக்கும்! நம்ம கிரிட்ல 111 x 25, அதாவது 2775 புள்ளி, கணக்குப் பாத்தா 832 கிலோ சேலை!! எந்த ஆச்சி கட்டுவாங்க இதை? கட்டத்தை இன்னும் பொடிசாக்கினா எடை இன்னும் ஏறும், துணி ரப்பரா இழுபடும். அப்ப மாஸைக் குறைங்க, அதுக்கப்புறம்தான் டென்ஷன்ல (இழுத்தா நீளாம இருக்கிற விறைப்புல) கை வைக்கணும். கண்டாங்கி கெட்டிப் பருத்தி, சில்க் பிரீசெட் (தயாரா இருக்கிற செட்டிங்) பக்கமே போகாதீங்க, காட்டன்ல ஆரம்பிச்சு பெண்டிங்கை (மடங்காம இருக்கிற விறைப்பை) மட்டும் கொஞ்சம் ஏத்துங்க, கரை பக்கம் அழகா விறைச்சு நிக்கும்.

டென்ஷனை ரொம்ப ஏத்தினா துணி நடுங்கும், குவாலிட்டி ஸ்டெப்ஸை (ஒரு பிரேமுக்கு எத்தனை தடவை கணக்குப் போடணும்ங்கிறதை) 5ல இருந்து 10, 12 ஆக்குங்க. விறைப்பான ஸ்பிரிங்கை பெரிய டைம் ஸ்டெப்ல நேரா கணக்குப் போட்டா ஒவ்வொரு தாவலும் இலக்கைத் தாண்டிப்போய் கடைசியில வெடிச்சிடும், 1998ல பராஃப், விட்கின்னு ரெண்டு கிராஃபிக்ஸ் ஆராய்ச்சியாளர்கள் இம்ப்ளிசிட் முறையில (அடுத்த நிலையை வச்சே விசையைக் கணக்குப் போடுறது) பெரிய ஸ்டெப்பே எடுக்கலாம்னு காட்டினாங்க, ஆனாலும் மோதல் நிறைய இருந்தா ஸ்டெப் கூட்டித்தான் ஆகணும்.

அப்டேட்: மாஸை மாத்தியும் ஒன்னும் மாறலைன்னு சிலர் சொல்றாங்க. பேக் (Bake, கணக்குப் போட்டதை சேமிச்சு வைக்கிறது) பண்ணிட்டீங்கன்னா பழைய கேஷ்தான் (சேமிச்ச கணக்குதான்) ஓடும், டிலீட் பேக் கொடுத்துட்டு முதல் பிரேம்ல இருந்து பிளே பண்ணுங்க. டைல்ஸுக்குள்ள முந்தி புதையுதுன்னா தரைக்கு கொலிஷன் போடலை.