கண்குழிக் கட்டி: கத்தி வைக்கும் முன்பும் பின்பும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கண்குழியின் கொள்ளளவு சுமார் 30 மில்லி. அதில் கண் உருண்டைக்கே ஏறத்தாழ 7 மில்லி போய்விடும். மிச்ச இடத்தில்தான் பார்வை நரம்பு, தசைகள், இரத்தக் குழாய்கள், கொழுப்பு எல்லாம் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. சுற்றிலும் எலும்பு என்பதால், உள்ளே கட்டி வளர்ந்தால் கண் வெளியே துருத்துவதைத் தவிர வேறு வழியில்லை. இரு கண்களின் துருத்தலில் 2 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் தெரிந்தால் சொட்டு மருந்தோடு நாளைக் கடத்தக் கூடாது. பெரியவர்களுக்குக் கண் துருத்த தைராய்டு நோயே முக்கியக் காரணம். ஆகவே அந்த இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சேர்ந்தே நடக்கட்டும். எலும்பைப் பார்க்க சி.டி., நரம்பையும் மென்திசுவையும் பார்க்க எம்.ஆர்.ஐ. பல சமயம் இரண்டும் தேவைப்படும்.

கட்டி என்னவென்று தெரியுமுன் ஸ்டீராய்டு கொடுப்பது அடிக்கடி நடக்கும் தவறு. லிம்போமா (நிணநீர் செல்களில் வரும் புற்று) அதில் சுருங்கிவிடும். வீக்கம் வடிந்தது என்று எல்லோரும் நிம்மதியாவார்கள். பிறகு எடுக்கும் பயாப்ஸியில் (திசுத் துண்டை வெட்டிச் சோதிப்பதில்) நோய் பிடிபடாமல் போகலாம்.

மிகப் பெரிய தவறு, எல்லாக் கட்டியையும் ஒரே மாதிரி அணுகுவது. கண்ணீர்ச் சுரப்பியில் வரும், புற்றல்லாத பிளியோமார்ஃபிக் அடினோமா என்ற கட்டியை எடுத்துக்கொள்வோம். வலியிருக்காது, ஒரு வருடத்துக்கும் மேலாக மெல்ல வளர்ந்து, கண்ணைக் கீழேயும் மூக்குப் பக்கமாகவும் தள்ளும். சி.டி.யில் எலும்பு அரிக்கப்படாமல், விரலால் அழுத்தினாற்போல் வழவழப்பாகக் குழிந்திருக்கும். இந்தப் படத்தைப் பார்த்த பிறகு சிறு துண்டு வெட்டிப் பார்க்கவே கூடாது. அதன் உறை மெல்லியது. இடுக்கியால் நேராகப் பிடித்தாலே கிழியும். சிந்திய செல்கள் பல ஆண்டுகள் கழித்து மீண்டும் முளைக்கும், சில புற்றாகவும் மாறும். கண்குழியின் வெளிப்புற எலும்பைத் திறந்து, சுற்றியுள்ள திசுவோடு சேர்த்து முழுதாக எடுக்க வேண்டும்.

அதே இடத்தில் சில மாதங்களுக்குள் வலியோடு வளர்ந்து எலும்பை அரித்திருந்தால் கணக்கே வேறு. அது புற்றாக இருக்கலாம். அங்கே பயாப்ஸிதான் முதல் படி. கண் உருண்டைமேல் மாவை அப்பியதுபோல் படிந்திருப்பது லிம்போமாவாக இருக்கக்கூடும். அதை முழுதாக அகற்றப் போய்த் தசையை வெட்டுவது வீண் சேதம். போதுமான திசு கிடைத்தால் சரி. கதிர்வீச்சும் மருந்தும் மீதியைப் பார்த்துக்கொள்ளும். எடுத்த திசு முழுவதையும் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டுவிடாமல் ஒரு பகுதியைப் புதிதாகவே ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். செல் வகையைப் பிரித்தறிய அது வேண்டும்.

குழந்தையின் கண் சில நாட்களில் துருத்தினால் ராப்டோமயோசார்கோமா என்ற, வேகமாக வளரும் புற்றை நினைக்க வேண்டும். தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்து வாரக்கணக்கில் காத்திருப்பது ஆபத்து. உடனே பயாப்ஸி, பிறகு கீமோவும் கதிர்வீச்சும். கண்குழியையே காலி செய்யும் அறுவை இங்கே முதல் சிகிச்சை அல்ல.

நாடியோடு சேர்ந்து துடிக்கும் கண்ணில், முக்கினால் பெரிதாகும் வீக்கத்தில், இரத்தக் குழாய்க் கோளாறு இல்லையென்று உறுதியாகும்வரை ஊசிகூடக் குத்தக் கூடாது. பார்வை நரம்பின் உறையில் வரும் மெனிஞ்ஜியோமா என்ற கட்டியைச் சுரண்டி எடுத்தால் நரம்புக்கு இரத்தம் கொண்டுவரும் நுண்குழாய்களும் போய்விடும், பார்வையும் போகும். பார்வை மங்கத் தொடங்கினால் அதற்குக் கதிர்வீச்சே ஏற்றது.

எந்த வழியாக உள்ளே போவது என்பதைக் கட்டி நரம்புக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. வெளிப்பக்கம் என்றால் வெளிச்சுவர் வழி. உட்பக்கம் என்றால் கண்சவ்வு வழி அல்லது மூக்கு வழி. நரம்பைத் தாண்டிப் போகும் பாதை வேண்டாம். இழுவைக் கருவியை அவ்வப்போது தளர்த்தி, கண் பாப்பா விரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

அறுவைக்குப் பின் இறுக்கமான கட்டுப் போட்டுக் காலைவரை திறக்காமல் விடுவது பார்வையைப் பறிக்கும் தவறு. உள்ளே இரத்தம் கசிந்தால் வலி ஏறும், இமை கல்லாய் இறுகும், பார்வை குறையும். வலி மாத்திரை கொடுக்கும் முன் கட்டைப் பிரித்து, விரல்களை எண்ண முடிகிறதா, டார்ச் வெளிச்சத்தில் கண் பாப்பா சுருங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஸ்கேனுக்கு அனுப்பாமல், படுக்கையிலேயே தையலைத் திறந்து இரத்தத்தை வெளியேற்ற வேண்டும். கண்ணின் வெளிமூலையை வெட்டி இமையின் பிடிப்பையும் விடுவிக்க வேண்டும். கையிலிருக்கும் நேரம் ஏறத்தாழ ஒன்றரை மணி.