பெர்த்தாவின் நடுப்பெயரைப் பிடித்துக்கொண்டு படியுங்கள்

சார்லட் பிராண்டேயின் 'ஜேன் அயர்' நாவலில் ரோசெஸ்டர் மாடியில் பூட்டிவைத்திருக்கும் பைத்தியக்கார மனைவிதான் பெர்த்தா. அவளுடைய முன்கதையை ஆன்டனெட் என்ற பெண்ணின் கதையாகச் சொல்வது ஜீன் ரீஸின் 'வைட் சர்காசோ சீ'. அதை எம்.ஏ.வில் முதல் தடவை படித்தபோது, ஜெராக்ஸ் கடை நோட்ஸை நம்பி, கதாநாயகி ஆன்டனெட் கறுப்பினப் பெண் என்று பரீட்சையில் எழுதிவைத்தேன். மார்க் போனது போகட்டும், நாவலே பிடிபடவில்லை. நோட்ஸில் 'கிரியோல்' என்று மட்டும் இருந்தது. கரீபியன் தீவுகளில் பிறந்து வளர்ந்த வெள்ளைக்காரர்களையும் அந்தச் சொல் குறிக்கும். ஆன்டனெட் அடிமைகளை வைத்திருந்த குடும்பத்துப் பெண். ஊர்ப் பிள்ளைகள் அவளை 'வெள்ளைக் கரப்பான்பூச்சி' என்கிறார்கள். இங்கிலாந்துக்காரர்களும் அவளைத் தங்களோடு சேர்ப்பதில்லை. இப்போது நான் பாடம் எடுக்கும்போது முதல் வகுப்பு இந்த ஒரு சொல்லுக்கே சரியாகப் போய்விடும்.

அடுத்தது, 1847இல் வந்த 'ஜேன் அயர்'. முழுதும் படிப்பதுதான் முறை. பரீட்சைக்கு முந்தின வாரம் யாருக்கு முடிகிறது? 20, 25, 26, 27, 36 அத்தியாயங்களையாவது விடாதீர்கள். பெர்த்தா பேசுகிற இடங்களில் பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே வாருங்கள். போட இடமே கிடைக்காது. சிரிப்பாள், உறுமுவாள், கத்துவாள். என் இதயத்தை உறிஞ்சிவிடுவேன் என்றாள் என்று அவளிடம் கடிபட்ட அவள் சகோதரர் மேசன் புலம்புவார். அவள் சொன்னதாக நமக்குக் கிடைப்பது அவ்வளவுதான், அதுவும் இன்னொருவர் வாய் வழியாக.

26ஆம் அத்தியாயத்தில் ஜேனுக்கும் ரோசெஸ்டருக்கும் நடக்க இருந்த கல்யாணத்தை நிறுத்த வந்த வக்கீல் ஒரு காகிதத்தைப் படிப்பார். அதில் பெர்த்தாவின் முழுப்பெயர் பெர்த்தா ஆன்டனெட்டா மேசன். அந்த நடுப்பெயரிலிருந்துதான் ரீஸின் ஆன்டனெட் வருகிறாள்.

1966இல் வந்த ரீஸ் நாவலுக்கு வரும்போது, யார் யாரை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். கான்வென்ட்டில் ஆன்டனெட் பூவேலை செய்துகொண்டே, தன் பெயரை நெருப்புச் சிவப்பில் தைக்கப்போவதாக நினைக்கிறாள்: பெயர், கான்வென்ட், ஸ்பானிஷ் டவுன், ஜமைக்கா, 1839. சிவப்பைக் குறித்துவையுங்கள், மூன்றாம் பாகத்தில் அவளுடைய சிவப்பு உடையாகத் திரும்பி வரும். ஆண்டையும் குறித்துவையுங்கள். பிரிட்டிஷ் காலனிகளில் அடிமைமுறையை ஒழித்த சட்டம் 1834 ஆகஸ்ட் 1இல் நடைமுறைக்கு வந்தது. அதற்காக ஒதுக்கிய 2 கோடி பவுண்டு இழப்பீடு முதலாளிகளுக்கு. விடுதலையானவர்களுக்கு ஒரு காசு இல்லை. முதல் பாகத்தில் ஊரே அவள் குடும்பத்தின்மேல் காட்டும் வெறுப்பு இதைத் தெரிந்துகொண்டால்தான் புரியும்.

இரண்டாம் பாகத்தைப் பெரும்பாலும் சொல்வது கணவன். அவளைப் பெர்த்தா என்று கூப்பிட ஆரம்பிப்பதும் அவன்தான். அது என் பெயர் இல்லை என்கிறாள், அவன் விடுவதில்லை. அவனுக்கோ நாவலில் எங்கேயும் பெயரே கிடையாது. 'ரோசெஸ்டர்' என்று எழுதுகிறவர்கள் அந்தப் பெயர் பிராண்டேயிடமிருந்து வருகிறது என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

விமர்சனக் கட்டுரை ஒன்றே ஒன்று படிக்க முடியும் என்றால் காயத்ரி ஸ்பிவாக் 1985இல் எழுதியதைப் படியுங்கள். கஷ்டமான நடைதான். வெள்ளைக் கிரியோலுக்கு இடம் கொடுக்கும் இந்த நாவலே மார்ட்டினிக்கிலிருந்து வந்த கறுப்பினப் பணிப்பெண் கிறிஸ்டஃபீனை ஓரத்தில் நிறுத்திவிடுகிறது என்கிறார். அதைப் படித்துவிட்டு, கிறிஸ்டஃபீன் கணவனோடு வாதாடும் காட்சியை மறுபடி பாருங்கள். அவனை அப்படி நேருக்கு நேர் கேட்கிற ஆள் நாவலில் வேறு யாரும் இல்லை. அதற்குப் பிறகு அவள் கதையில் வருவதும் இல்லை.

முடிவைப் பற்றி ஒன்று. 'ஜேன் அயர்' நாவலில் பெர்த்தா எரியும் வீட்டின் கூரையிலிருந்து குதித்துச் சாகிறாள். ரீஸ் நாவலில் ஆன்டனெட் குதிப்பது கனவில் மட்டும்தான். கடைசி வரியில் அணையப்போன மெழுகுவர்த்தியைக் கையால் மறைத்துக்கொண்டு இருட்டு நடையில் போய்க்கொண்டிருக்கிறாள். குதித்துச் செத்தாள் என்று எழுதினால் அது பிராண்டே நாவலுக்கான விடை.