சவுக்குப் போத்து வேர்விடாததற்கு மருந்தைத் திட்டாதீர்கள்

கடலூர், விழுப்புரம் பக்கம் கலப்பினச் சவுக்குக்கு மாறியவர்கள் ஏராளம். கோவை வன மரபியல் மற்றும் மரப்பெருக்கு நிறுவனம் வெளியிட்ட சிஎச் 1, சிஎச் 5 எல்லாம் நாட்டுச் சவுக்கும் ஜுங்குனியானா என்ற இன்னொரு சவுக்கு இனமும் கலந்த ரகங்கள். இவற்றின் விதையைப் போட்டால் கன்றுகள் ஆளுக்கொரு தினுசாக வரும். தாய்ச்செடியில் வெட்டிய சிறு குச்சியை, அதாவது போத்தை, நட்டால்தான் தாயின் குணம் அப்படியே கிடைக்கும். அதனால் பலர் சொந்தமாக நாற்றங்கால் போட இறங்கிவிட்டார்கள். அதில் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். தண்ணீர் விடாமல் காயவிடுவது போன்றவற்றைப் பற்றிப் பேசப்போவதில்லை; இரண்டு நாளில் தானே புரிந்துவிடும்.

வெட்டிய தோப்பிலிருந்து குச்சி எடுப்பது

எங்கே பார்த்தாலும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். பக்கத்து ஊரில் தோப்பு வெட்டுகிறார்கள், நல்ல ரகம், கிளைகள் சும்மா கிடக்கின்றன என்று மூட்டை கட்டி வந்து நடுகிறார்கள்.

அப்படி நட்ட ஒருவர் என்னைக் கூட்டிப்போய்க் காட்டினார். பாலித்தீன் கூடாரம் முழுக்கப் பச்சைப்பசேல். "எல்லாம் பிடிச்சிடுச்சுண்ணே" என்றார். ஒன்றை லேசாக இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வெட்டுவாயில் வெள்ளையாகத் தடித்திருந்தது, வேர் இல்லை. ஈரக்காற்றில் சவுக்கு ஊசி வாரக்கணக்கில் பச்சையாகவே நிற்கும், அதை நம்பக்கூடாது. மனிதர் வேர் ஊக்கி மருந்து மாவு போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விட்டார்.

மாவில் குற்றமில்லை. மரம் முற்ற முற்ற கிளையின் வேர்விடும் திறன் குறையும். தப்பித்தவறி வேர்விட்டாலும் நிம்மதி இல்லை. பக்கக் கிளையிலிருந்து வந்த கன்று கிளையைப் போலவே சாய்ந்து வளரப் பார்க்கும். கோணல் மரத்தைக் கழிக்கு யார் எடுப்பார்கள்? அது தெரிவதற்குள் நிலமும் வருடங்களும் போயிருக்கும்.

ரகம் தெரிந்த கன்றை வாங்கித் தாய்ச்செடியாக நடுங்கள். இடுப்புயரத்தைத் தாண்டவிடாமல் கத்தரித்துக்கொண்டே இருங்கள். கத்தரித்த இடத்தில் நிமிர்ந்து வரும் இளந்தளிர்தான் போத்து. விரல் நீளத்துக்குக் காலையில் எடுத்து, ஈரச்சாக்கில் வைத்து, அன்றே நட்டுவிட வேண்டும்.

மாவை அப்புவது

போத்தின் வெட்டுவாயை மட்டும் வேர் ஊக்கி மாவில் தொட்டு, தட்டிவிட்டு நடுங்கள். அதிகமானால் அடி கருகும்.

கழுவாத தென்னை நார்க்கழிவு

அதில் உப்பு இருக்கும். அலசாமல் நாற்றுக் குப்பியில் நிரப்பாதீர்கள்.

கூடாரத்திலிருந்து நேராக வெயிலுக்கு

வேண்டாம். நடுவில் நிழல்வலை.

ரகப் பெயர் எழுதாமல் விடுவது

ஊசியைப் பார்த்தே ரகம் சொல்வேன் என்பவரை நான் நம்புவதில்லை. தட்டுக்குத் தட்டு அட்டை குத்துங்கள்.

வேர்முடிச்சை மறப்பது

நார்க்கழிவில் வளர்ந்த கன்றுக்கு முடிச்சு தானாக வந்துவிடாது. பழைய தோப்பில் ஆரோக்கியமான மரத்தடியைக் கிளறினால், வேரில் பவளக்கொத்து மாதிரி முடிச்சுகள் இருக்கும். அதற்குள் இருக்கும் பிராங்கியா என்ற நுண்ணுயிர்தான் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து மரத்துக்குக் கொடுக்கிறது. முடிச்சை அலசி, நசுக்கி, தண்ணீரில் கரைத்து, வேர்விட்ட கன்றுகளுக்கு ஊற்றுங்கள். சவுக்கே கண்டிராத நிலத்துக்குப் போகும் கன்றென்றால் இதைத் தவறாமல் செய்யுங்கள்.