யாழோடு தேவாரம்: சேலத்தில் ஓர் அரங்கு அமைக்கும் முறை

ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளில் பிறந்த தேவாரப் பதிகங்களைப் பழைய கருவிகளோடு இன்றைய அவையில் பாட விரும்புவோர், தம்மிடம் இருப்பது எது, இல்லாதது எது என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். பாடல்களும் அவற்றுக்குரிய பண்களின், அதாவது பழந்தமிழ் இராகங்களின், பெயர்களும் இருக்கின்றன. கோயில்களில் தேவாரம் பாடும் ஓதுவார்கள் வாய்வழியாகக் காத்துவந்த பாட்டுமுறையும் இருக்கிறது. யாழ் மட்டும் இல்லை. சிற்பங்களையும் இலக்கியக் குறிப்புகளையும் உரையாசிரியர்கள் தரும் நரம்புக் கணக்குகளையும் கொண்டு இக்காலத்தவர் மீட்டுச் செய்தவையே இன்று கிடைக்கும் யாழ்கள். ஆகவே அழைப்பிதழில் 'ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய இசை, அப்படியே' என்று அச்சிட வேண்டாம். 'மீட்டுருவாக்கிய யாழோடு' என்று போட்டால் போதும்; கூட்டம் அதனால் குறைவதில்லை.

பாடல் தேர்வில் சேலத்தாருக்கு ஒரு வசதி உண்டு. கொங்கு நாட்டில் தேவாரப் பாடல் பெற்ற தலங்கள் ஏழு. அவற்றுள் திருச்செங்கோடு, பவானி, கொடுமுடி, அவிநாசி ஆகியவை இங்கிருந்து எளிதில் போய்வரக்கூடியவை. திருச்செங்கோடு 1997 வரை சேலம் மாவட்டத்திலேயே இருந்தது. அவையில் பலரும் நேரில் கண்ட ஊரைப் பற்றிய பதிகத்தைப் பாடினால் முன்னுரையில் பாதி மிச்சமாகும். ஆனால் எந்தப் பதிகத்தை எதற்குப் பின் பாடுவது என்பதைப் பக்தியையோ கதையையோ வைத்து முடிவு செய்ய இயலாது. அதை முடிவு செய்வது யாழின் நரம்பு.

காரணம் இதுதான். தந்தியை அழுத்தும் மெட்டுகள் யாழில் கிடையாது. வீணையில் ஒரே தந்தியை மெட்டின்மேல் அழுத்தி இழுத்துப் பல சுரங்களை எழுப்பலாம்; யாழில் ஒரு நரம்புக்கு ஒரு சுரம்தான். பண் மாறினால் நரம்பைக் கூட்டவோ தளர்த்தவோ வேண்டும். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்பவை ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழு சுரங்களின் பழம்பெயர்கள். பதினான்கு நரம்புகள் கொண்ட சகோட யாழை எடுத்துக்கொண்டால், சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை சொல்லும் முறைப்படி மெலிவு உழையில் தொடங்கி வலிவுக் கைக்கிளையில் முடியும்படி கட்ட வேண்டும். இன்றைய பேச்சில் கீழ் மத்திமம் முதல் மேல் காந்தாரம் வரை. அடிப்படைக் கட்டு, அதாவது நரம்புகளின் சுருதி அமைப்பு, செம்பாலை என்னும் பழைய சுர வரிசை. அதை அரிகாம்போதி ராகம் என்றே பெரும்பாலான ஆய்வாளர்கள் கொள்கின்றனர்.

சுருதி சேர்க்க மின்கருவியை நம்புவதைவிட பழைய வழியே காதுக்கு நல்ல பயிற்சி. குரலிலிருந்து இளியையும், இளியிலிருந்து துத்தத்தையும், துத்தத்திலிருந்து விளரியையும், விளரியிலிருந்து கைக்கிளையையும் பிறப்பிக்க வேண்டும். மறுபக்கம் குரலிலிருந்து உழைக்கும் உழையிலிருந்து தாரத்துக்கும் இறங்க வேண்டும். இப்படி ச-ப உறவாகவே நடந்து வந்தால் கைக்கிளை சற்று ஏறி நிற்கும். குரல் நரம்பையும் கைக்கிளை நரம்பையும் ஒன்றாக மீட்டி, இரண்டுக்கும் இடையே அலைவது போன்ற அதிர்வு அடங்கும்வரை கைக்கிளையை ஒரு மயிரிழை இறக்க வேண்டும். அந்த அதிர்வைக் காதால் பிடிக்கப் பழகாதவர் மேடைக்கு அவசரப்பட வேண்டாம்.

இந்தக் கட்டிலிருந்து நிகழ்ச்சி நிரல் தானாக வந்துவிடுகிறது. செம்பாலைக் கட்டிலேயே சுந்தரரின் அவிநாசிப் பதிகத்தைப் பாடலாம். அதன் பண் குறிஞ்சி, ஓதுவார்கள் இன்று பாடுவது அரிகாம்போதியில். பிறகு தார நரம்புகள் இரண்டையும் அரைச் சுரம் ஏற்றினால் பழம்பஞ்சுரத்துக்கான கட்டு கிடைக்கும். சங்கராபரணத்தில் பாடப்படும் கொடுமுடிப் பதிகமான 'மற்றுப் பற்றெனக்கின்றி' அங்கே வரும். அதே கட்டில் நரம்பைத் தொடாமலே கொல்லிப் பண்ணுக்குப் போகலாம். நவரோசு ராகமாக வழங்கும் அது அகலம் குறைந்த பண். கீழ்ப் பஞ்சமத்தைச் சுற்றியே அதன் உயிர் இருப்பதால் யாழின் தடித்த நரம்புகள் அங்கே நன்றாகப் பேசும். அப்பரின் 'கூற்றாயினவாறு' இதற்கு உரியது. கடைசியாகத் துத்த நரம்புகள் இரண்டையும் அரைச் சுரம் தளர்த்தினால் வியாழக்குறிஞ்சிப் பண்; சம்பந்தரின் திருநீலகண்டப் பதிகம் இதற்கு உரியது. ஓதுவார் மரபில் சௌராட்டிர ராகம். இந்தப் பண்ணின் சில பிடிகளில் தாரத்தின் தாழ்ந்த வடிவமும் வரும்; ஏற்றிக் கட்டிய நரம்பில் அது இராது. அந்த இடத்தில் யாழ் ஒதுங்கிக்கொள்ள, குரல் மட்டும் பாடட்டும். சம்பந்தர் பாடியதை யாழில் அடக்க மாட்டாமல் அவரோடு யாழ் வாசித்துவந்த திருநீலகண்ட யாழ்ப்பாணரே கருவியை முறிக்கத் துணிந்தார் என்று பெரியபுராணம் சொல்லும்போது, நாம் ஒரு சுரத்தை விட்டுக்கொடுப்பதில் இழுக்கில்லை.

நரம்பு முறுக்கும் அந்த ஓரிரு நிமிடங்களே பேசுவதற்கான நேரம். பதிகம் பிறந்த கதையையும் பண்ணின் பெயரையும் அப்போது சொல்லிவிட்டால், பாட்டுக்கு முன்னால் தனியே சொற்பொழிவு வேண்டியதில்லை.

நரம்பைப் பற்றி ஒரு சொல். பழைய யாழ்களில் இருந்த விலங்கு நரம்பு இங்கே எளிதில் கிடைக்காது; கிடைத்தாலும் நம் ஊர் வெயிலுக்கும் மழைக்கும் இடையே அதன் சுருதி நில்லாது. எஃகுக் கம்பியைக் கட்டினால் ஒலி சித்தாரின் பக்கம் போய்விடும், யாழின் வளைந்த தண்டான கோட்டுக்கும் அந்த இழுவிசை ஆகாது. நைலானே நடைமுறைக்கு உகந்தது. ஒத்திகைக்கு, மேட்டூரில் மீன்வலை விற்கும் கடைகளில் கிடைக்கும் தடித்த தூண்டில் நரம்பே போதும் என்பது என் கருத்து. இதை ஏற்காத கருவிக் கலைஞர்களும் உண்டு.

பாட்டை ஓதுவார் ஒருவரிடம் நேரில் கற்க வேண்டும்; ஒலிப்பதிவைக் கேட்டுப் பாடுவோர் சீரைப் பிரிக்கும் இடத்தில் சறுக்குவர். ஒரு பதிகத்தில் பத்துப் பதினொரு பாடல்கள் இருக்கும். முதற்பாடலைச் சுத்தாங்கமாக, தாளமின்றி, யாழ் மட்டும் தொடரப் பாடி, அடுத்த இரண்டைக் கட்டளை எனப்படும் சந்த அமைப்பில் தாளத்தோடு பாடி, இறுதிப் பாடலான திருக்கடைக்காப்பில் முடித்தால் புதியவர்களுக்கும் சலிப்புத் தட்டாது. கச்சேரி பாணியில் நிரவலும் சுரமும் சேர்க்கும் ஆசை பாடகருக்கு வரும். அதைத் தடுக்க வேண்டும். கமகத்தைக் குறைத்துச் சொல்லை நிறுத்திப் பாடினால்தான் நரம்பின் ஒலிக்கும் குரலுக்கும் உறவு இருக்கும்.

தாளக் கருவிகளுக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வழிகாட்டுகிறது. இராசராசன் திருப்பதியம் விண்ணப்பிக்க, அதாவது கோயிலில் தேவாரம் பாட, நியமித்தவர்கள் 48 பேர். அவர்களுக்கு உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர். அத்தனை குரல்களுக்கே இரண்டு தோற்கருவிகள்தான் என்றால், இரண்டு குரலும் ஒரு யாழும் உள்ள நம் அரங்குக்கு உடுக்கை ஒன்றே மிகுதி. உடுக்கைக்காரரை வெளியூரில் தேட வேண்டியதில்லை. ஆடி மாதம் மாரியம்மன் பாட்டுக்கு அடிப்பவர்கள் சேலத்தைச் சுற்றிலும் இருக்கிறார்கள். இடைக்கயிற்றை அழுத்தி விட்டு ஒலியை ஏற்றி இறக்கும் கைவாகு அவர்களிடம் உண்டு. திறந்தவெளியில் அடித்துப் பழகியவர்கள் என்பதால், விரல்நுனியால் மட்டும் வாசிக்கும்படி ஒத்திகையிலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அவருக்கும் மற்றவர்களுக்கும் இணையான சன்மானம் கொடுக்க வேண்டும் என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இடம் நூறு பேருக்கு மேல் கொள்ளாததாக இருப்பது நல்லது. கல்யாண மண்டபம் ஆகாது. மின்விசிறிகளின் இரைச்சலே யாழை விழுங்கிவிடும். கோயில் மண்டபம் கிடைத்தால் கல்லின் எதிரொலி குரலுக்கு உதவும். ஆனால் உடுக்கையைத் தூணுக்கு அருகில் வைக்கக் கூடாது. மைக் தேவைப்பட்டால் யாழின் பத்தருக்கு (ஒலிப்பெட்டிக்கு) ஓரடி தள்ளி ஒன்று, பாடுபவருக்கு ஒன்று. மைக்செட்காரர் வழக்கப்படி எக்கோவைத் திருப்பி வைப்பார். நிகழ்ச்சி தொடங்கும் முன் அதை முழுவதும் இறக்கச் சொல்லி, பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டுப் பார்க்க வேண்டும்.

ஏற்காட்டில் நடத்துவதானால், அதிலும் குழலையும் சேர்த்துக்கொண்டால், தனி ஏற்பாடு வேண்டும். சேலம் கடல் மட்டத்துக்கு மேல் 300 மீட்டருக்கும் தாழ்வாக இருக்கிறது, ஏற்காடு 1,500 மீட்டரை ஒட்டி. கீழே 35 டிகிரி வெப்பத்தில் சேர்த்த குழலை மேலே 20 டிகிரி மாலையில் எடுத்தால் அதன் சுருதி அரைச் சுரத்தில் கிட்டத்தட்டப் பாதி இறங்கும். ஊதுபவரின் மூச்சுச் சூடு அதில் ஒரு பகுதியைத்தான் ஈடுகட்டும். குழலைத் திருத்த முடியாது, நரம்பைத் திருத்தலாம். ஆகவே குழலைச் சிறிது நேரம் ஊதிச் சூடேற்றியபின் யாழை அதற்குச் சேர்க்க வேண்டும். குழலின் வழியே யாழ் நிற்பதும், யாழின் வழியே தண்ணுமை என்னும் தோற்கருவி நிற்பதும் அரங்கேற்று காதையிலேயே உள்ள ஒழுங்குதான். பனியில் உடுக்கையின் தோல் தொய்யும். ஒரு தணல் சட்டி ஏற்பாடு செய்து, பாட்டுக்குப் பாட்டு காட்டி எடுக்க வேண்டும்.

அங்கே முடிவுப் பாட்டாகத் திருநீலகண்டப் பதிகம் மிகப் பொருந்தும். திருச்செங்கோட்டில் அடியார்களை வாட்டிய குளிர்சுரம் நீங்கச் சம்பந்தர் பாடியது அது. மலையில் போர்வையோடு உட்கார்ந்திருக்கும் அவைக்குக் கதை உடனே விளங்கும். 'தீண்டப்பெறா திருநீலகண்டம்' என்ற முடிப்பு திருக்கடைக்காப்பு தவிர மற்றப் பாடல்களில் திரும்ப வருவதால் அதை அவையோரும் சேர்ந்து பாடலாம். அப்போது மட்டும் மைக்கை அணைத்துவிடலாம்.

மலையிலிருந்து இறங்கும் முன் யாழின் நரம்புகள் எல்லாவற்றையும் ஒரு சுரம் தளர்த்திவிட வேண்டும். கொண்டை ஊசி வளைவுகளின் குலுக்கலும் அடிவாரத்து வெப்பமும் சேர்ந்தால், முறுக்கிய நிலையில் இருக்கும் பத்தரின் தோல் ஓரத்தில் விட்டுக்கொள்ளும். தோல் மாற்றுவது ஒருநாள் வேலையில்லை.