பழைய சாலையைச் சுரண்டிப் புதுச் சாலை போடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையின் பழைய தெருக்கள் பலவற்றில், ஒரு காலத்தில் இரண்டு படி ஏறி நுழைந்த வீட்டுக்குள் இன்று இரண்டு படி இறங்கித்தான் நுழைய வேண்டியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதால் வந்த வினை இது. மழை பெய்தால் தெருத் தண்ணீர் கூடத்துக்குள் புகுகிறது. சுரண்டிய பிறகே சாலை போட வேண்டும் என்று 2021 மே மாதம் தமிழ்நாடு அரசின் தலைமைச் செயலாளரே அறிவுறுத்த நேர்ந்தது.

சுரண்டியதைக் குப்பையாகக் கருதி ஏரிக்கரையில் கொட்டுவது அடுத்த தவறு. அதில் இருப்பது மலையை உடைத்து எடுத்த கருங்கல் ஜல்லியும் விலை கொடுத்து வாங்கிய தாரும்தான். அவற்றை அரைத்து, புதுத் தார் சேர்த்து மறுபடி சாலையில் பயன்படுத்துவதற்கென்றே, சாலைப் பொறியாளர்களின் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2015ஆம் ஆண்டிலேயே தனி வழிகாட்டி நெறிமுறையை வெளியிட்டிருக்கிறது.

ஆயினும் எல்லாவற்றிலும் பெரிய தவறு, தெருவைத் தோண்டிப் பார்க்காமலேயே வேலையைத் தொடங்குவது என்பேன். ஒரே தெருவில் ஓரிடத்தில் ஒரு முழம் தடிமனுக்குத் தார் அடுக்குகள் இருக்கலாம். பத்தடி தள்ளி, குடிநீர்க் குழாய்க்காக வெட்டி மண்ணால் மூடிய பள்ளத்தின் மேல் நான்கு விரல் கனத்துக்கு மட்டுமே தார் இருக்கலாம். இரண்டையும் ஒரே கலவைக் கணக்கில் அரைத்துப் போட்டால் சாலை சீராக இருக்காது. மேற்பரப்பு வலைபோல் வெடித்திருந்தால், கீழேயுள்ள களிமண் ஈரத்தில் இளகியிருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும். அடித்தளம் கெட்டிருக்கையில் மேல் அடுக்கை மட்டும் மாற்றுவதால் பயனில்லை. கசியும் குழாயை மாற்றுவது, கேபிள் பதிப்பது ஆகிய வேலைகளையும் இதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

பழைய தாரைப் புதுத் தாருக்குச் சமமாக எண்ணுவதும் கூடாது. பல ஆண்டுகள் வெயிலும் காற்றும் பட்ட தார் இறுகிவிடும். சுரண்டிய துண்டொன்றைக் கையிலெடுத்து வளைத்தால், அது வளையாமல் பொட்டென்று ஒடியும். ஆகவே பழைய பொருளின் பங்கு கூடக்கூட, சேர்க்கும் புதுத் தார் இளகிய வகையாக இருக்க வேண்டும். சுரண்டியதைச் சலித்து, கூரையின் கீழ்க் குவித்து வைப்பதும் அவசியம். மழையில் நனைந்த குவியலைக் காயவைக்கவே எரிபொருள் வீணாகும்.

பழைய சாலையைச் சூடாக்காமல், இருந்த இடத்திலேயே அரைத்துக் கலக்கும் முறையில், உறுதி கூடும் என்று நம்பிச் சிமென்டை அள்ளிக் கொட்டுகிறார்கள். அளவு மீறினால் அடுக்கு விறைத்து வெடிக்கும். கலவையின் ஈரம் வற்றுவதற்குள் மேல் அடுக்கைப் போட்டு மூடுவதும் அதே அளவு கெடுதல்.

பாதாளச் சாக்கடை மூடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெரிய ரோலர் நெருங்க முடியாத அந்த விளிம்பில், கையால் வாரிப் போட்ட கலவையைச் சரியாக இறுக்காமல் விட்டுவிடுவதால், முதல் மழையிலேயே பள்ளம் விழுவது அங்கேதான். அந்த ஓரடி அகலத்துக்குச் சிறிய அதிர்வு இயந்திரத்தை வரவழைத்து, மூடியைப் புதுச் சாலையின் மட்டத்துக்குப் பொருத்திய பிறகே போக்குவரத்தை அனுமதிக்க வேண்டும்.