வீட்டு இங்க்ஜெட் பிரின்டரில் வாசல் போர்டு செய்வது எப்படி?

'இட்லி மாவு கிடைக்கும்' என்று கேட்டில் ஒரு போர்டு மாட்ட வேண்டும். வீட்டில் இருப்பதோ சாதாரண ஏ4 இங்க்ஜெட். கிட்டத்தட்ட இரண்டடி அகலம் வரை அதிலேயே சமாளிக்கலாம்.

1. முதலில் மையைப் பாருங்கள், பாதி வேலை அதில்தான் இருக்கிறது. எப்சன் எல்3250ல் நான்கு நிறமும் டை இங்க், அதாவது நீரில் கரைந்த சாய மை. ஈரம் பட்டால் கரையும். கேனன் ஜி3010ல் கறுப்பு மட்டும் பிக்மென்ட் (நீரில் கரையாத நுண்துகள் மை), மற்றவை டை. உங்களுடையது எதுவென்று தெரியவில்லையா? சாதாரணத் தாளில் கறுப்பில் நாலு எழுத்து அடித்து, நன்றாகக் காய்ந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு விரலால் தேயுங்கள். இழுவினால் டை, நின்றால் பிக்மென்ட்.

பிக்மென்ட் கறுப்பு உள்ளவர்கள் பிரின்ட் செட்டிங்கில் 'பிளைன் பேப்பர்' என்றே வையுங்கள். போட்டோ பேப்பர் என்று கொடுத்தால் பல பிரின்டர்கள் கலர் மைகளைக் கலந்து கறுப்பு அடிக்கும்.

வெயில் முதலில் தின்பது சிவப்பையும் மஞ்சளையும்தான். சுவரில் கிடக்கும் பழைய போஸ்டர்கள் நீலம் பாரித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஆகவே விலையைச் சிவப்பில் போடும் ஆசை வேண்டாம். வெள்ளையில் கறுப்பு போதும்.

2. பக்கத்தை ஏ3 அளவில் (ஏ4 போல் இரு மடங்கு), படுக்கைவாட்டில் வடிவமையுங்கள். பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல எழுத்து என்பது கணக்கு. முப்பதடித் தெருவுக்கு மூன்று அங்குலம். தடித்த எழுத்துரு எடுங்கள், ஆனால் 'க்', 'ம்' புள்ளிகள் அடைத்துக்கொள்ளாததாக.

3. பிடிஎஃப் ஆக்கி அடோப் ரீடரில் திறந்து, பிரின்ட் பகுதியில் 'போஸ்டர்' தேர்ந்தெடுங்கள்; பெரிய பக்கத்தை அது பல ஏ4 தாள்களாகப் பிரித்து அடிக்கும். அளவு 130 விழுக்காடு, ஓவர்லேப் (தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் அளவு) 10 மி.மீ., கட் மார்க்ஸ் (வெட்டும் இடக் குறிகள்) டிக். முன்னோட்டத்தில் நான்கு தாள் காட்ட வேண்டும். அதற்கு மேல் காட்டினால் விழுக்காட்டைக் கொஞ்சம் குறையுங்கள்.

4. அடித்த தாள்களை ஓர் இரவு காயவிடுங்கள். பிறகு ஓரம் வெட்டி, சன்போர்டில் (எடை குறைந்த பிளாஸ்டிக் ஃபோம் பலகை) டபுள்சைடு டேப்பால் ஒட்டுங்கள். ஃபெவிகால் வேண்டாம், தாள் சுருங்கும், டை மை என்றால் ஊறிப் பரவும்.

5. போர்டு நான்கு பக்கமும் தாளைவிட ஓர் அங்குலம் பெரிதாக இருக்கட்டும். மேலே ஒட்டும் டிரான்ஸ்பரன்ட் ஷீட்டை, நடுவிலிருந்து துணியால் நீவிக்கொண்டே ஒட்டி, விளிம்புவரை கொண்டுபோங்கள். கயிற்றுக்கான ஓட்டை அந்த ஓர் அங்குலத்தில்தான். தாளில் ஓட்டை விழுந்தால் முதல் மழையிலேயே அதன் வழியாக நீர் ஏறிவிடும். தனி ஏ4 லேமினேஷனுக்கும் இதே விதி: தாளுக்கு வெளியே உள்ள பிளாஸ்டிக் ஓரத்தை ஒட்ட வெட்டாதீர்கள்.

ஷீட் மழையைத் தடுக்கும், வெயிலை அவ்வளவாகத் தடுக்காது. மேற்குப் பார்த்த கேட்டைவிட சன்ஷேடு நிழல் விழும் சுவர் நல்லது. நான்கடி ஆறடி பேனர் என்றால் நேராக ஃப்ளெக்ஸ் கடைக்கே போய்விடுங்கள். அங்கே இருப்பது பெரும்பாலும் வெயில் மழை தாங்கும் சால்வென்ட் மை. நம் வீட்டு மை அதற்கு ஈடாகாது, தாளும் டேப்பும் சேர்த்தால் செலவும் மிச்சமாகாது.